விமானியின் வயது: ஒரு விதி வளர்ந்த வரலாறு

ஆகாய விமானம் ஓட்டி அதனால் ஜீவனம் நடத்த வேண்டும் என்ற ஆசை ஓர் இளைஞனின் மனத்திலோ யுவதியின் மனத்திலோ புகுந்த உடனே, கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் முன்னதாக எதிரே வந்து நிற்பவை சில வயதுக் கணக்குகளாகும். நம் நாட்டில் பயிற்சி மாணவருக்குரிய லைசென்ஸ் பெற 16 வயது நிறைந்திருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்காக விமானம் ஓட்ட 17. ஊதியம் பெற்று ஓட்டுவதற்குரிய வர்த்தக விமானி லைசென்ஸுக்கு 18. பிரயாணிகள் நிறைந்த பெரிய விமானமொன்றுக்குத் தலைமை தாங்கும் தகுதியைத் தருகிற உச்ச லைசென்ஸுக்கு 21. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, தலைமை ஆசனத்தில் அமர 23 வயது ஆக வேண்டும் என்பது நெடுங்காலமாக நிலைத்திருக்கும் விதி.

இவற்றைப் படிக்கும் இளைஞர் பலர், தங்கள் உற்சாகத்துக்கு முதியவர்கள் இட்ட வேலிகளாகவே இவற்றை எண்ணுகிறார்கள். அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும், இந்த எண்கள் எந்தக் காலத்தில், எந்தக் காரணங்களால், எத்தனை உயிர்களின் நஷ்டத்துக்குப் பின் உருப்பெற்றன என்ற சரித்திரத்தை நிதானமாக ஆராய்வோருக்கு வேறொரு உண்மை புலப்படும். இளைஞனை ஆகாயத்தில் ஏற்றுவதற்கு உலகம் ஒருபோதும் தயங்கவில்லை. பிறருடைய உயிரை அவன் கையில் ஒப்படைப்பதற்குத்தான் தயங்கிற்று. ஏறுவதற்கு உரிய வயதுக்கும் தலைமை ஏற்பதற்கு உரிய வயதுக்கும் இடையே வேண்டுமென்றே விடப்பட்ட அந்தச் சில வருஷங்களே இத்தொழிலின் மெய்யான கல்விக்காலம் என்பது என் துணிபு.

ரைட் சகோதரர்கள் 1903-இல் கிட்டி ஹாக் மணல் வெளியில் பறந்து காட்டியபின், ஐரோப்பாவில் இவ்வித்தை முதலில் செல்வந்தர்களின் சாகஸமாகவே பரவிற்று. அக்காலத்தில் விமானிக்குச் சான்றிதழ் அளித்தவை அரசாங்கங்கள் அல்ல, விமானக் கழகங்களே. பிரெஞ்சுக் கழகத்தின் முதல் எண் சான்றிதழ் லூயி பிளேரியோவின் பெயரிலும், பிரிட்டிஷ் கழகத்தின் முதல் எண் சான்றிதழ் 1910 மார்ச்சில் மூர் பிராபஸன் என்பவரின் பெயரிலும் பதிவாயின. குறித்த வட்டங்களைச் சுற்றிப் பறந்து, குறித்த இடத்துக்கருகே பத்திரமாக இறங்கிக் காட்டியவருக்கு அந்தச் சான்றிதழ் கிடைத்தது. அதே 1910-இல், விமானம் கட்டும் தொழிலில் ஈடுபட்டிருந்த ஹான்ரியோ என்பவரின் குமாரர் மார்செல், பதினாறு பிராயத்தை ஒட்டிய பருவத்திலேயே பிரெஞ்சுச் சான்றிதழைப் பெற்று, உலகத்திலேயே மிக இளைய விமானி என்று புகழப்பட்டார். அந்தப் புகழ்ச்சியில் பிழை காண்பதற்கில்லை. விமானத்தில் அவர் மட்டுமே இருந்தார். ஆபத்து நேர்ந்தால் அது அவரையே சேரும். துணிவுக்கு விலை கொடுப்பவனும் அதனால் பயனடைபவனும் ஒருவனாகவே இருக்கும்வரை, வயதைப் பற்றி ஊரார் விசாரிக்க வேண்டிய அவசியம் எழவில்லை.

முதல் உலக மகாயுத்தம் இந்த நிலையை அடியோடு மாற்றிவிட்டது. பள்ளிப் படிப்பை முடித்தும் முடியாமலும் இருந்த வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் விமானப் படைகளில் சேர்ந்தனர்; எதிரியின் குண்டுக்கு இரையானவர்களோடு, பயிற்சிக் குறைவாலும் கண், காது, நரம்பு ஆகியவற்றின் கோளாறுகளாலும் மாண்டவர்களும் மிகப் பலராயினர். விமானியின் தேகத்தைச் சோதிப்பதற்கென்று வைத்திய சாஸ்திரத்தில் ஒரு தனிப் பிரிவே அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. யுத்தம் முடிந்ததும், கையிருப்பில் மிஞ்சிய படை விமானங்களையும் வேலையின்றி நின்ற இளம் விமானிகளையும் கொண்டு, லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே கட்டணம் செலுத்திய பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் தொழில் 1919-இல் தொடங்கியது. விமானத்தின் உள்ளே, அதை ஓட்டத் தெரியாத, ஓட்டுபவனைத் தேர்ந்தெடுக்கவும் இயலாத அந்நியர்கள் அமர்ந்தபோதுதான், ஓட்டுபவன் யார், அவன் பிராயம் என்ன என்ற கேள்வி பொது ஜனங்களின் கேள்வியாயிற்று.

அவ்வருஷம் அக்டோபர் 13-ஆம் தேதி பாரிஸ் நகரில் கையெழுத்தான ஆகாயப் போக்குவரத்து உடன்படிக்கை, இக்கேள்விக்கு நாடுகள் ஒன்றுகூடிச் சொன்ன முதல் விடையாகும். சொந்தக் காரியமாகப் பறப்பவனுக்கு ஒரு லைசென்ஸும், பொது ஜனங்களை ஏற்றிச் செல்பவனுக்குக் கடினமான வேறொரு லைசென்ஸும் வேண்டும் என்ற பாகுபாடு அதன் அனுபந்தமொன்றில் வகுக்கப்பட்டது. பின்னவன் குறித்த காலந்தோறும் வைத்தியப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இன்றைய வயதுப் படிகளெல்லாம் அந்தப் பாகுபாட்டின் மேல் எழுந்தவையே.

எனினும், பிறர் உயிரைக் காக்கவென்று எழுந்த விதிகள் யாவும் நியாயமானவையாக இருந்தன என்று சொல்ல முடியாது. அந்த உடன்படிக்கையின்படி அமைந்த சர்வதேச ஆணைக்குழு, 1924-இல், பெண்களுக்கு வர்த்தக விமானி லைசென்ஸ் கூடாது என்று தீர்மானித்தது. அயர்லாந்தைச் சேர்ந்த ஹீத் சீமாட்டி இதை எதிர்த்து வாதாடி, தம் தேகத்திறனையும் பறக்கும் திறனையும் பரீட்சைக்கு உட்படுத்திக் காட்டியதன் பயனாக, 1926-இல் அத்தடை நீக்கப்பட்டது. ஆயினும் சட்டம் விலக்கிய தடையை வழக்கம் விலக்க நெடுநாள் ஆயிற்று. நம் நாட்டிலே பிரேம் மாத்தூர் அம்மையார் 1947-இல் வர்த்தக லைசென்ஸ் பெற்று, பல கம்பெனிகள் மறுத்த பின்னரே, ஹைதராபாதின் டெக்கான் ஏர்வேஸில் வேலை பெற்றார். பால் பற்றிய நிபந்தனை ஆராய்ச்சியின் முன் நிற்கமாட்டாமல் வீழ்ந்தது. வயது பற்றிய நிபந்தனையோ ஒவ்வொரு தலைமுறையின் ஆராய்ச்சிக்கும் ஈடுகொடுத்து நின்றது. முன்னது வெறும் துவேஷத்தில் பிறந்தது. பின்னது அனுபவத்துக்குக் காலம் வேண்டும் என்ற மறுக்க முடியாத உண்மையில் வேரூன்றியது.

அந்த அனுபவம் எவ்வாறு சேர்க்கப்பட்டது என்பதை அறிய, யுத்தங்களுக்கு இடைப்பட்ட காலத்துத் தபால் விமானங்களின் கதையைப் பார்க்க வேண்டும். தெற்குப் பிரான்ஸில் தூலூஸ் நகரிலிருந்து ஸ்பெயினைக் கடந்து ஆப்பிரிக்கக் கரையோரமாகக் கடிதங்களைக் கொண்டு சென்ற லாத்தேகோயேர் கம்பெனியில், செயல் அதிகாரியாக இருந்தவர் திதியே தோரா. அவரிடம் வேலை கேட்டு வந்த இளம் விமானி எத்தனை பெரிய வீரனாயினும், முதலில் பட்டறையில் எஞ்சின்களைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலைக்கே அனுப்பப்பட்டான். 1924-இல் வந்த ழான் மெர்மோஸும், 1926-இல் தம் 26-ஆம் வயதில் வந்த, பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழடைந்த சேந்தெக்சுபெரியும் இந்தப் படியிலிருந்தே தொடங்கினர். தன்னைத் தாங்கும் யந்திரத்தின் குணத்தையும் பாதையின் அபாயங்களையும் அறியாதவன் பிறர் பொருளைக்கூடச் சுமக்கத் தகான் என்பது தோராவின் கொள்கை. எழுதப்பட்ட வயது விதியைக் காட்டிலும் கடுமையான காத்திருப்பு விதி அது. ஆனால் அங்கே காத்திருப்பு வெறும் காத்திருப்பாக இல்லை, கை நிறைந்த வேலையாக இருந்தது.

அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் மறுகரையில், 1926 ஏப்ரலில், 24 வயதான சார்லஸ் லிண்ட்பர்க் ஸெயிண்ட் லூயிஸ் நகரிலிருந்து சிக்காகோவுக்குத் தபால் விமானம் ஓட்டத் தொடங்கினார். அந்த ஒரே வருஷத்தில் இருமுறை, இரவும் மூடுபனியும் புயலும் வழிமறிக்க, எரிபொருள் தீர்ந்து, விமானத்தைக் கைவிட்டுப் பாரசூட்டில் குதித்து உயிர் தப்பினார். அடுத்த வருஷம் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டி உலகை வியக்கச் செய்தவர் அவரே. அதே 1926 மே மாதத்தில் நிறைவேறிய ஆகாய வர்த்தகச் சட்டம், அமெரிக்காவில் விமானிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் பொறுப்பை அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. டாக்டர் லூயி பவர் என்பவர் விமானிகளின் வைத்தியப் பரிசோதனையைச் சீர்படுத்தினார். விமானங்கள் பெரியவையாகி, 1930-களில் இருவர் சேர்ந்து ஓட்டும் முறை நிலைபெற்றபோது, வயது விதிக்கு உயிரூட்டிய மிகச் சிறந்த ஏற்பாடு பிறந்தது. இடப்புற ஆசனத்தில் பொறுப்பேற்கும் கேப்டன். வலப்புற ஆசனத்தில் துணை விமானி. முன்னே நிற்கும் குருவின் பாட்டை மேடையிலேயே பின்தொடர்ந்து பாடும் சிஷ்யனைப்போல, துணை விமானி வருஷக்கணக்கில் கேப்டனின் தீர்மானங்களை அருகிலிருந்து கண்டும், அவற்றில் பங்குகொண்டும், மெல்ல மெல்லத் தன் தீர்ப்புத் திறனை வளர்த்துக்கொள்ள இம்முறை வழிசெய்தது.

நம் நாட்டு வரலாற்றிலும் இந்த இரண்டு இழைகள், அதாவது இளமையின் வேகமும் பொறுப்பின் நிதானமும், ஆரம்பத்திலிருந்தே பின்னிக் கிடக்கின்றன. 1929 பிப்ரவரி 10-ஆம் தேதி, ஜே.ஆர்.டி. டாட்டா தம் 24-ஆம் வயதில் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் எண் விமானி லைசென்ஸைப் பெற்றார். அடுத்த வருஷம், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்திருந்த 500 பவுன் பரிசுக்காக, டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி என்ஜினியர் என்ற 17 வயதுப் பார்ஸி வாலிபர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்தார். எகிப்து நாட்டில் இருவரும் சந்தித்தபோது, ஆஸ்பியின் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லாமையால் அவர் தவித்து நிற்க, டாட்டா தம்மிடமிருந்ததைக் கொடுத்து உதவினார். பரிசு அந்த 17 வயது வாலிபருக்கே கிடைத்தது. கொடுத்தவருக்கு அதனால் குறை ஏதும் இல்லை. பெற்றவரோ பின்னாளில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். கண்டங்களைத் தாண்டித் தனியே பறக்க 17 வயது போதும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

ஆனால் 1932 அக்டோபர் 15-ஆம் தேதி கராச்சியிலிருந்து பம்பாய்க்கு டாட்டாவே ஓட்டி வந்த தபால் விமானமும், பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்ஸென்ட் ஓட்டி வந்த விமானமும் சாகஸத்துக்காகப் பறந்தவை அல்ல. நாள் தவறாமல், நேரம் தவறாமல், பருவமழையிலும் நடக்க வேண்டிய சேவையின் தொடக்கம் அவை. அத்தகைய சேவைக்குத் துணிவைவிட நிதானமே முக்கியம். மீனம்பாக்கத்தில் மதராஸ் ஃபிளையிங் கிளப்பும், பம்பாய், டில்லி, கல்கத்தா முதலிய நகரங்களின் கிளப்புகளும் இளைஞர்களுக்குப் பறக்கும் வித்தையைக் கற்பித்துவந்தன. அவர்களுக்கும் அவர்களை நம்பி ஏறுவோருக்கும் உரிய ஒழுங்கை 1934-ஆம் வருஷத்து இந்திய விமானச் சட்டமும், 1937-ஆம் வருஷத்து விமான விதிகளும் வகுத்தன. அந்த 1937-ஆம் வருஷத்து விதிகளே, திருத்தங்கள் பல பெற்று, நம் நாட்டு விமானிகளின் வயதையும் தகுதியையும் நிர்ணயிக்கும் சாசனமாக நெடுங்காலம் விளங்கின.

இரண்டாவது உலக மகாயுத்தம் வயதைப் பற்றிய எல்லாக் கணக்குகளையும் மீண்டும் ஒருமுறை கலைத்தது. எழுவர் ஏறிய நான்கு எஞ்சின் லங்காஸ்டர் குண்டு விமானங்களுக்கு, இருபது பிராயத்தை அப்போதுதான் கடந்த வாலிபர்கள் தலைவர்களாயினர். 1943 மே மாதத்தில் ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்கச் சென்ற படைப்பிரிவின் தலைவர் கை கிப்ஸனுக்கு வயது 24 தான். பிரிட்டிஷ் குண்டு விமானப் படையில் மட்டும் 55,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். இளைஞன் தலைமை தாங்க இயலாதவன் என்று இதன்பின் எவரும் சொல்ல முடியாது. ஆனால் யுத்தம் ஏற்றுக்கொள்ளும் நஷ்டத்தைச் சமாதான காலத்துப் பிரயாணி ஏற்றுக்கொள்ள மாட்டான் என்பதையும் எவரும் மறுக்க முடியாது. யுத்தம் முடியுமுன்பே, 1944 டிசம்பர் 7-ஆம் தேதி சிக்காகோவில் 52 நாடுகள் புதிய ஆகாய உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி அமைந்த சர்வதேச ஸ்தாபனம், 1948 ஏப்ரல் 14-ஆம் தேதி, விமானிகளின் லைசென்ஸ் பற்றிய முதலாம் அனுபந்தத்தை அங்கீகரித்தது. சொந்தப் பறப்புக்கு 17, வர்த்தகத்துக்கு 18, தலைமைக்கு 21 என்று இன்று உலகெங்கும் வழங்கும் படிகள் இந்த அனுபந்தத்திலேயே இடம்பெற்றுள்ளன.

வயதோடு மணிக்கணக்கும் சேர்ந்தே வருகிறது. வர்த்தக லைசென்ஸுக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். தலைமை லைசென்ஸுக்கு 1500 மணி நேரம். அதிலும் இரவுப் பறப்பு 100 மணி, வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது 75 மணி என்று தனித்தனியே கணக்கு உண்டு. சுதந்திரத்தின் தொடக்க வருஷங்களில் இந்த மணிகள் நம் நாட்டில் எங்கே சேர்ந்தன என்று நினைக்கையில் நெஞ்சம் விம்முகிறது. 1949-இல் தொடங்கிய இரவுத் தபால் திட்டத்தின்படி, டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு, விடியுமுன் தத்தம் ஊர் திரும்பின. யுத்தத்தில் மிஞ்சிய டக்கோட்டா விமானங்களின் வலப்புற ஆசனத்தில் அமர்ந்து, அந்த இரவுகளைக் கடந்த இளைஞர்கள், விந்திய மலையின் மேகங்களையும் தக்காணத்தின் இடிமழையையும் தம் உள்ளங்கையைப் போல் அறிந்துகொண்டனர். 1953-இல் எட்டுக் கம்பெனிகளை ஒன்றாக்கி அரசாங்கம் இந்தியன் ஏர்லைன்ஸை அமைத்தபோது, அந்த அனுபவம் முழுவதும் தேசத்தின் உடைமையாயிற்று.

விதியை மீறினால் நேர்வது என்ன என்பதையும் சரித்திரம் கொடூரமாகக் காட்டியிருக்கிறது. 1994 மார்ச்சு 23-ஆம் தேதி, மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் சென்ற ரஷ்ய விமானத்தில், கேப்டன் ஒருவர் பாசத்தின் மிகுதியால் தம் 15 வயது மகனைத் தலைமை ஆசனத்தில் அமரவைத்தார். பையன் அறியாமல் செலுத்திய அழுத்தத்தால் தானியங்கிக் கருவியின் ஒரு பகுதி விடுபட, விமானம் சைபீரியாவில் வீழ்ந்து 75 பேர் மாண்டனர். 1996 ஏப்ரலில், அமெரிக்காவைக் குறுக்கே கடந்து சாதனை புரியவென்று அழைத்துச் செல்லப்பட்ட ஏழு வயதுச் சிறுமி, தந்தையோடும் ஆசிரியரோடும் வையோமிங் மாகாணத்தில் உயிரிழந்தாள். அவ்வருஷமே அத்தகைய சாதனை முயற்சிகளைத் தடுக்கும் சட்டம் அங்கே இயற்றப்பட்டது. இவ்விரண்டிலும் குற்றம் குழந்தைகளுடையது அன்று. பருவம் வராத கையில் பொறுப்பை வைத்த பெரியோருடையதே.

ஆயினும், வயதையும் மணிகளையும் கூட்டிவிட்டால் மட்டும் பத்திரம் வந்துவிடுமா? 2009 பிப்ரவரி 12-ஆம் தேதி இரவு, நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ நகரை நெருங்கிய கோல்கன் கம்பெனி விமானம் வேகம் குறைந்து, சிறகுகள் தாங்கும் சக்தியை இழந்து வீழ்ந்தது; தரையிலிருந்த ஒருவரோடு சேர்த்து 50 பேர் மாண்டனர். துயருற்ற குடும்பத்தார் விடாமல் போராடியதன் பயனாக 2010-இல் ஒரு சட்டமும், 2013-இல் அதையொட்டிய விதியும் வந்தன. அதுவரை 250 மணி நேர அனுபவத்தோடு வலப்புற ஆசனத்தில் அமர முடிந்த அமெரிக்க இளைஞர்கள், அதன்பின் பொதுவாக 1500 மணி நேரம் பறந்தாக வேண்டும் என்று ஆயிற்று. படைப் பயிற்சி பெற்றோருக்கு 750 மணி, விமானக் கல்விப் பட்டதாரிகளுக்கு 1000 மணி என்ற சலுகைகளோடு, துணை விமானிக்கு வயது 21 என்றும் விதிக்கப்பட்டது. அந்த விபத்தில் மாண்ட கேப்டனுக்கு வயது 47. அவர் 3,000 மணிக்கு மேலும், துணை விமானி 2,000 மணிக்கு மேலும் பறந்திருந்தவர்கள் என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். கடந்த மணிகளின் எண்ணிக்கையோடு அவற்றின் தரத்தையும் எடைபோட வேண்டும் என்பதே அத்துயரம் கற்பிக்கும் பாடம். சர்வதேச ஸ்தாபனம் 2006-இல் வேறொரு வழியை அனுமதித்திருந்தது: 18 வயது இளைஞனைத் தொடக்கத்திலிருந்தே இருவர் சேர்ந்து ஓட்டும் முறையில், சிமுலேட்டரையும் சேர்த்து 240 மணி நேரம் பயிற்றி, துணை விமானியாக்கும் லைசென்ஸ் அது. இவ்விரு வழிகளில் எது சிறந்தது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் தலைமைக்கு முன் நெடிய பயிற்சி வேண்டும் என்பதில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை.

நம் நாட்டு யுவதிகள் இந்த இடைக்காலத்தை எவ்வளவு சிறப்பாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது பெருமைக்குரியது. இந்தியன் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நிவேதிதா பாஸின், 1990-இல் தம் 26-ஆம் வயதில் ஜெட் விமானத்துக்குக் கேப்டனாகி, அவ்வாறான பெண்களில் உலகிலேயே இளையவர் என்று போற்றப்பட்டார். ஆனி திவ்யா 19 வயதில் ஏர் இந்தியாவில் சேர்ந்து, 2017-இல் 30 வயதில் போயிங் 777 விமானத்துக்குத் தலைமை ஏற்றார். சட்டம் 21 வயதில் திறக்கும் கதவின் வழியே ஒருவர் நுழைவதற்கு அனுபவம் இன்னும் பல வருஷங்களைக் கேட்கிறது என்பதையும், அந்த வருஷங்கள் வீண் போகாதவை என்பதையும் இவ்விருவர் வாழ்க்கையும் தெளிவாக்குகின்றன.

ஆகவே, விமானி ஆக விரும்பும் இளைஞருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே: 18-க்கும் 21-க்கும் இடைப்பட்ட வருஷங்களை, உங்களிடமிருந்து பறிக்கப்பட்ட காலமாக எண்ணாமல், உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட காலமாக எண்ணுங்கள். ஆனால் இந்த அறிவுரையைச் சொல்லும் உரிமை சமூகத்துக்கு எப்போது உண்டாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் வீட்டையும் நிலத்தையும் ஈடுவைத்துத் திரட்டிய பணத்தில் 200 மணி நேரம் பறந்து, லைசென்ஸைப் பெற்று, பிறகு ஆசனம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கு அந்த வருஷங்கள் கல்வி ஆகா. கற்ற வித்தையும் பழக்கமின்றித் தேய்ந்துபோகும். தோரா தம் இளைஞர்களைக் காக்க வைத்தார் என்றால், பட்டறையில் வேலை கொடுத்துக் காக்க வைத்தார். நாகபுரிக்குப் பறந்த துணை விமானிகளின் கைகளும் ஓர் இரவுகூட ஓயவில்லை. காத்திரு என்று சட்டம் சொல்வது நியாயத்தின் ஒரு பாதியே. காத்திருக்கும் காலத்தைப் பறப்பாலும், ஆசிரியர் துணையாலும், தக்க ஊதியத்தாலும் நிரப்பித் தருவது மற்றப் பாதி. அதைச் செய்யும் கடமை விமானக் கம்பெனிகளுக்கும் அரசாங்கத்துக்கும் உரியது. முதற் பாதியை 1919 முதல் நாடுகள் ஒன்றுகூடி முயன்று நிறைவேற்றிவிட்டன. மற்றப் பாதி இன்னும் நம்முடைய பொறுப்பாகவே நிற்கிறது.